மருந்தடித்த செம்பருத்தி

அனுசியா வீட்டு வாசல் கம்பியில் ஒரு போர்டு தொங்கும். "செடிகளுக்கு மருந்து அடித்திருக்கிறது. பூப் பறிக்காதீர்." மருந்தும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. பூத் திருடுகிறவர்களைப் பயமுறுத்த அவளே பெயிண்ட் வாங்கி எழுதி மாட்டியது அது. அடிக்காத மருந்துக்கு எந்தத் திருடன் பயப்படுவான்? எங்கள் தெருவில் அந்தப் போர்டு மேலேயே பையை மாட்டிவிட்டுப் பறிக்கிற ஆட்கள் உண்டு.

நான் முத்துக்கண்ணன், போடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். அனுசியா வீட்டுக்கு எதிர் வீடு. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வாய்க்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் அவளைப் போலச் செடி வளர்க்கிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிலமலையில் பிறந்து, சுருளி அண்ணனுக்கு வாக்கப்பட்டுப் போடிக்கு வந்தவள். புருஷனும் பெண்டாட்டியும் மேலே ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர் மருந்தடிக்கிற வேலை, இவள் காய் எடுக்கிற வேலை. விடியும் முன்னே ஜீப்பு வந்து ஆரன் அடிக்கும். சாயங்காலம் இறங்கி வந்ததும் மற்ற பெண்கள் முதுகை நிமிர்த்தப் படுப்பார்கள். இவள் தூக்குவாளியைக் கீழே வைக்காமல் செடிப் பக்கம் போவாள். மேலேயிருந்து சாப்பாட்டுப் பையில் மக்கின இலைமண் கொண்டு வருவாள். ஏலக்காய் உடைக்கிற இடத்தில் தோலைக் கேட்டு வாங்கி வந்து செடியைச் சுற்றிப் பரப்புவாள். அவள் வாசலைக் கடந்தால் பாயசம் கொதிக்கிற வீட்டைக் கடக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு தடவை வைத்தால் வருஷக்கணக்காகப் பூக்கிற செடிதான் அவளுக்குச் செடி. செம்பருத்தி, நந்தியாவட்டை, பிச்சி, இட்லிப்பூ. சாமந்தி, செண்டுப்பூ வகையறாவை வாசலில் அண்ட விடமாட்டாள். "ரெண்டு மாசம் மினுக்கிட்டுச் சாகுறதுக்கு இம்புட்டுத் தண்ணியா?" என்பாள். தை மாசம் வந்தால் கத்தியோடு இறங்கி எல்லாவற்றையும் மொட்டையடிப்பாள். பார்க்கிற நமக்கு வயிறு எரியும். பங்குனியில் அதே செடி இலை தெரியாமல் பூத்து நிற்கும். அதிலும் வாசலோரம் இருந்த ஒற்றைச் சிவப்புச் செம்பருத்தி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. மகள் பவதாரணி பிறந்த வருஷம் வைத்த குச்சி அது. பவதாரணி இப்போது தினம் பஸ்ஸில் தேனிக்குப் போய்வந்து காலேஜ் படிக்கிறாள்.

அந்தப் பூவை அனுசியா முழுசாகப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் ஜீப்புச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பை கிளம்பும். எல்லாம் சாமிக்குத்தானாம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற பக்தி. சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு அவள் போடுகிற சத்தத்தில் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். பூவைத் திருடினவர்கள் எல்லோரும் உள்ளே டிவியைக் கூட்டி வைப்பார்கள்.

போன ஆவணியில் அந்தச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி விழுந்தது. கொழுந்தெல்லாம் சுண்ணாம்பு அப்பினது போல வெள்ளை. வேப்பெண்ணெய் தெளித்தாள், சோப்புத் தண்ணீர் அடித்தாள், பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கணுவாகத் தேய்த்தாள். போகவில்லை. மொட்டு கருகிக் கருகி விழுந்தது. கடைசியில் சுருளி அண்ணனை நச்சரித்து, காட்டில் அடிக்கிற மருந்தில் கொஞ்சத்தை ஒரு காலிக் கலர் சோடாப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வரவைத்தாள். அவர் அலுப்பில் படுத்துவிட்டார். இவளே கலக்கி அடித்தாள். காட்டில் பெரிய டிரம்முக்கு மூடிக் கணக்கில் ஊற்றுவார்களே, அதே கணக்கைத் தெளிப்பான் பாட்டிலுக்கு ஊற்றிவிட்டாள். ஏலக்காட்டு ஆள்களைத் தவிர வேறு யாருக்கும் வராத புத்தி இது. மருந்து என்றால் அவர்களுக்கு மூடிக் கணக்கு ஒன்றுதான்.

தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் போர்டு தொங்குகிறதே என்று நினைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் காலையில் குரங்கணி மலைக்கு நடக்கப் போகிற இரண்டு பேரை அடிவாரத்து முந்தலில் இறக்கிவிட்டு நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மலை ஏறப்போகிற ஜீப்புகள் அங்கே செக்போஸ்ட்டில் நிற்கும். ஒரு ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து அனுசியா குதித்தாள். நிறுத்தி இறங்கவில்லை, குதித்தாள். செருப்பு ஒன்று ஜீப்பிலேயே போய்விட்டது.

"தம்பி, வண்டிய எடு! வெரசா எடு!"

ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவளுக்கு வாய் குழறியது. விஷயம் இதுதான். ஜீப்பில் கூட வந்த ஜக்கம்மாள், நேற்று மருந்தடித்த பக்கம் இன்று காய் எடுக்க இறங்கவேண்டாம் என்று மேஸ்திரி சொன்னதை ஞாபகப்படுத்தியிருக்கிறாள். பேச்சு மருந்திலிருந்து மாத்திரைக்குப் போய், அங்கிருந்து பேச்சி என்கிறவள் பக்கம் போயிருக்கிறது. பேச்சி எங்கள் தெருக்காரி. அனுசியா வீட்டுக்கு அடுத்த வீடு. புருஷன் இல்லை, மகன் திருப்பூரில் இருக்கிறான். ஏலக்காய்க் குடோனில் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. ஜக்கம்மாளின் தங்கச்சிக்கும் அதே குடோன்தான்.

"பேச்சி பிரஷர் மாத்திரைய விட்டுட்டாளாம்டி. தெனம் காலையில வெறும் வயித்துல செம்பருத்திப் பூத்தான் திங்கிறாளாம். 'எங்க தெருவுல ஒருத்தி எனக்குன்னே வளக்குறா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாளாம்."

ஜக்கம்மாள் இதைச் சொன்னதும் ஜீப்பே சிரித்ததாம். அனுசியா மட்டும் பின்கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டாள்.

"மத்தவளுக சாமிக்கு வப்பாளுக, தலையில வப்பாளுக. இவ திங்கிறா தம்பி. நான் ஊத்துன ஊத்துக்கு ஆளு பொழைக்காது."

சுருளி அண்ணன் முந்தின ஜீப்பிலேயே மலை ஏறிவிட்டதால் பவதாரணிக்குப் போன் போட்டாள். அவள் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "செடியில ஒரு பூக்கூட இல்லம்மா" என்றாள். பேச்சி வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னாள் அனுசியா. தட்டியிருக்கிறாள். உள்ளேயிருந்து "உங்காத்தா பூவை நான் எதுக்குத் திங்கப்போறேன்? போ அங்கிட்டு" என்று பதில் வந்ததாம்.

"அவ ஒத்துக்க மாட்டா தம்பி," என்றாள் அனுசியா. "சத்தியம் பண்ணிருக்கால்ல."

அந்தச் சத்தியம் எனக்கும் தெரியும். தெருவே கூடி நின்று பார்த்ததுதான். பேச்சிதான் பூத் திருடுகிறாள் என்று அனுசியா இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டாள். பேச்சி காளியம்மன் கோயில் முன்னால் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "உன் செடியில நான் கை வச்சிருந்தாலும், இனிமே வச்சாலும், என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்" என்றாள். கண்ணை வைத்துப் பிழைக்கிறவள் கண்ணின் மேல் சத்தியம் செய்தால் அதற்கு மேல் என்ன கேட்பது? அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கு முன்னால் மதினி மதினி என்று ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

அன்று ஓட்டின மாதிரி நான் ஆட்டோவை ஒருநாளும் ஓட்டியதில்லை. எதிரே மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அனுசியா பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள், ஏதோ நான் மாடு என்பது போல.

தெருவில் இறங்கியதும் அவள் கத்தின கத்தலுக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். "என் செம்பருத்தியப் பறிச்சவுக வாயில வைக்காதீக! மருந்து அடிச்சிருக்கேன்!"

ஒருத்தர் முகத்திலும் அசைவு இல்லை. மூலை வீட்டு மொக்கம்மாள் தலையில் சிவப்பாக ஒரு பூவை வைத்துக்கொண்டே, "நாங்க எதுக்கும்மா உன் பூவைத் தொடப்போறோம்?" என்றாள். டீக்கடைச் சோணை, "இது புது டெக்னிக்கா இருக்கே. போர்டுக்கு மசியலைன்னு நேர்ல வந்து சொல்லுது" என்று சிரித்தான். இரண்டு வருஷமாகப் போர்டு மாட்டிப் பொய் சொன்ன வாய்க்கு அன்று உண்மை சொல்லி யாரையும் நம்பவைக்க முடியவில்லை. அவள் பேச்சி வீட்டுக் கதவுக்கு ஓடினாள். நானும் ஓடினேன்.

"மதினி! கதவத் தொற மதினி!"

கதவு திறக்கவில்லை. நான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வேர்த்து ஊற்றியது. கடைவாயில் எச்சில் ஒழுகிச் சேலை நனைந்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் பூவைத் தின்றுவிட்டு ஒதுக்கிய பச்சைக் காம்புகள்.

"அக்கா, தின்னுருக்கு," என்றேன்.

"மதினி, மருந்து நெசமாவே அடிச்சிருக்கேன். என் மக மேல ஆணை. ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா."

"நான் ஒண்ணும் திங்கல." நாக்குத் தடித்த பேச்சு. முந்தானையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்துவிட்டுச் சன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, சன்னலில் வேறெங்கேயோ பார்த்தாள். அப்போது அவள் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "ஆத்தா காளியாத்தா, எடுத்துட்டியா? ரெண்டு கண்ணையும் எடுத்துட்டியா?"

அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மருந்து உள்ளே போனால் கண் மங்கும். மருந்தடிக்கிற சுருளி அண்ணன் சொல்லி எனக்கு அது தெரியும். பேச்சிக்கு எப்படித் தெரியும்? சத்தியம் பலித்துவிட்டது என்று அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒத்துக்கொண்டால் மிச்சமிருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று பயந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சாகத் தயாராகிவிட்டாள்.

கதவை உடைப்போம் என்று நான் தோளைக் கொடுத்தேன். பழைய காலத்துப் பலாமரக் கதவு. என் தோள்தான் உடைகிற மாதிரி இருந்தது. பவதாரணி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அனுசியா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். கண்ணைத் தேய்க்கிற கையைப் பார்த்தாள். காளியாத்தா பேரும் அவள் காதில் விழுந்துவிட்டது. பிறகு தெருப்பக்கம் திரும்பி, கோயில் வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! மதினி என் செடியில கை வைக்கல. நான்தான் பறிச்சுக் குடுத்தேன். தெனமும் நான்தான் குடுத்தேன், இன்னைக்கும் நான்தான் குடுத்தேன். குடுத்த பூவை வாங்கித் தின்னா சத்தியம் எப்பிடி முறியும்? காளியாத்தா, நீயும் கேட்டுக்கோ!"

ஒரு மொட்டு உதிர்ந்தால்கூட ஊரைக் கூட்டுகிறவள். இரண்டு வருஷமாக அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். இவள் தினமும் பூப் பறித்துக் கொடுத்தாளாம். பச்சைக் குழந்தைகூட நம்பாது. ஆனால் உள்ளே ஏதோ உருண்டது. சுவரைத் தடவித் தடவி வருகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. பேச்சி வாசற்படியில் அப்படியே அனுசியா மேல் சரிந்தாள்.

"தின்னுட்டேன்டி," என்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பேச்சியின் இமையைத் தூக்கிப் பார்த்ததுமே, "எந்த எஸ்டேட் மருந்து?" என்று கேட்டுவிட்டார். இந்த ஊரில் அந்தக் கேஸ் புதிதில்லை. அனுசியா ஞாபகமாக எடுத்து வந்திருந்த கலர்ப் பாட்டிலை நீட்டினாள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். அனுசியா ஒற்றைச் செருப்போடு சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தால் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நானும் என் பங்குக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

வெயில் ஏறின பிறகு டாக்டரம்மா வந்து, உயிருக்குப் பயமில்லை, பார்வை தெளியக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆனால் தெளிந்துவிடும் என்றார். எனக்கு அப்போதுதான் பசித்தது. அந்தப் பசி அடங்கும் முன்னே போலீஸ் வந்துவிட்டது.

விஷம் என்றால் ஆஸ்பத்திரியில் தகவல் சொல்லித்தான் ஆகவேண்டும். வந்த கான்ஸ்டபிள் நல்ல மனுஷன்தான், நிதானமாகத்தான் விசாரித்தார். கெடுத்தது எங்கள் சோணை. கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவன், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான்.

"பூவை இந்தம்மாதான் சார் குடுத்துச்சு. தெருவுல எல்லாத்துக்கும் முன்னாடி அதுவே சொல்லுச்சு."

"மருந்து அடிச்சது யாரு?"

"அதுவும் இந்தம்மாதான்."

"ரெண்டு பேரும் எப்படி, பழக்கமா?"

"ஜென்மப் பகை சார்! முகத்துல முழிக்க மாட்டாக."

கான்ஸ்டபிள் அனுசியாவை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டில் இப்போது அவர் கையில் இருந்தது. "ஏம்மா, ஆகாதவங்களுக்கு மருந்தடிச்ச பூவைப் பறிச்சுக் குடுத்திருக்க. ஸ்டேஷனுக்கு வரணும். உன் வீட்டுக்காரரையும் வரச்சொல்லு."

நான் அவள் காதில் சொன்னேன். "அக்கா, நீ குடுக்கலன்னு சொல்லு. அவுகதான் பறிச்சாகன்னு சொல்லு. நான் சாட்சி சொல்றேன்."

"எப்பிடிடா சொல்ல?" என்றாள். முதல்முதலாக அவள் குரலில் சத்தமே இல்லை. "கண்ணு தெரியாமப் படுத்துருக்கா. கண்ணு வந்துரும்னு டாக்டர் சொன்னத அவ நம்பல. இப்ப நான் மாத்திச் சொன்னா, ஆத்தாதான் எடுத்துட்டான்னு அந்தப் பயத்துலயே போயிருவா. நான் வேணா ஸ்டேஷனுக்குப் போறேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பூவுக்கு வாய் கிழியக் கத்தினவள், தனக்கென்று வரும்போது வாயைத் தைத்துக்கொண்டு நிற்கிறாள். பவதாரணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கான்ஸ்டபிள், அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று உள்ளே போனார். நாங்களும் வாசல்வரைக்கும் போனோம்.

பேச்சி மல்லாந்து படுத்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறியது. கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்தபடி இமை அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, பூவை அனுசியாதானே உனக்குக் குடுத்தது?"

பேச்சி குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். ஆமாம் என்றால் போதும். சத்தியம் நிலைக்கும், மானம் நிலைக்கும், கண்ணும் தனக்கே என்று அவள் நம்பலாம்.

"அவள ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறீகளா?" என்று கேட்டாள்.

"விசாரிக்கணும்ல."

பேச்சி இமையை இறுக மூடினாள். திறந்தாள். இன்னும் சரியாகத் தெரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அவ குடுக்கல அய்யா. ஒரு எதழுகூட அவ குடுத்ததில்ல. நான்தான் திருடுனேன்." மூச்சு வாங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. "சூடம் அடிச்சன்னைக்கு நான் அவ செடியத் தொட்டதே இல்ல. அது ஆத்தாளுக்குத் தெரியும். வீண்பழி போட்டுட்டாளேன்னு மறுநாள்தான் மொதப் பூவப் பறிச்சேன். வீம்புக்குத் தின்னேன். பெறகு அதுவே பழகிப்போச்சு. அவ என் உசுரக் காப்பாத்தப் பொய் சொன்னா. என் கண்ணு போனாப் போகுது. எழுதிக்கங்க."

கான்ஸ்டபிள் பேனாவைப் பிடித்தபடி நின்றார். அனுசியா வாசலில் நின்றவரையெல்லாம் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பேச்சியின் இரண்டு கண்களையும் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"போகாது மதினி, போகாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு வீணாப் பழி போட்டவ நானு. எடுக்கணும்னா ஆத்தா என் கண்ண எடுக்கட்டும்."